இடைவேளைக்கு அப்புறம் நம்ம மாஸ் படங்களுக்கு என்ன ஆகிறது?

நடுவரிசை கேட்டது:

இதை ரொம்ப நாளாகவே கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் ‘ஜெயிலர்’ படத்தை வீட்டில் மறுபடி போட்டுப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். 2023 ஆகஸ்டில் முதல் நாளே தியேட்டரில் பார்த்த படம். இடைவேளைக்கு முன்னால் அந்தச் சாப்பாட்டு மேஜைக் காட்சி வருமே, வீட்டுக்குள் அடியாட்கள் புகுந்துவிட்டார்கள், குடும்பமே மிரண்டு போய் உட்கார்ந்திருக்கிறது, ரஜினியின் முத்துவேல் பாண்டியன் மட்டும் பதறவே இல்லை, அப்புறம் எங்கிருந்தோ குண்டுகள் பாய்ந்து வந்து ஒவ்வொருவனாகச் சாய்கிறான். அன்றைக்கு அரங்கத்தில் யாரும் இருக்கையில் இல்லை. வீட்டில் தனியாகப் பார்த்தபோதும் அதே இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அதற்கு அப்புறம் ஒரு கிரீடம், அதைத் திருட ஒரு திட்டம், நடுவில் ஒரு சினிமா நடிகை, அவர் பின்னால் அலையும் ஒரு நடிகர், அவர்களை வைத்து நீளமாக ஒரு காமெடி. தியேட்டரில் அந்தப் பகுதியில்தான் மணி பார்த்தேன், வீட்டிலும் சரியாக அதே பகுதியில் கை ரிமோட்டுக்குப் போனது. படம் பிடிக்கவில்லை என்று சொல்லவில்லை, நான் மூன்று தடவை பார்த்துவிட்டேன். அதனால்தான் கேட்கிறேன்.

இந்த ஒரு படம் மட்டும் என்றால் விட்டுவிடலாம். ‘லியோ’ பார்த்துவிட்டு வெளியே வந்த என் நண்பர்கள் எல்லாரும் முதல் பாதியைப் பற்றித்தான் பேசினார்கள். கடந்த பத்து வருடத்தில் பெரிய நடிகர் படம் எதைப் பார்த்துவிட்டு வந்தாலும் “ஃபர்ஸ்ட் ஹாஃப் வேற லெவல், செகண்ட் ஹாஃப் கொஞ்சம் லேக்” என்ற வரியைச் சொல்லாமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. ஏன் இப்படி? இயக்குநர்கள் இடைவேளை வரைக்கும்தான் கதை எழுதுகிறார்களா? அல்லது நாம்தான் இடைவேளையில் கத்தித் தீர்த்துவிட்டு இரண்டாம் பாதிக்குச் சோர்ந்துபோய் உட்காருகிறோமா? இரண்டாம் பாதி முதல் பாதியைவிட நன்றாக இருக்கும் மாஸ் படம் ஒன்று சொல்லுங்கள், ஏன் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லுங்கள். காரணம் இல்லாமல் படத்தின் பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ரீல்பெட்டி எழுதியது:

‘பாட்ஷா’. 1995 பொங்கலுக்கு வந்தது. நீங்கள் காரணம் கேட்டதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் இடைவேளையைப் பற்றி ஒன்று. என் தாய்மாமா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர். அங்கே ஒரே ஒரு புரொஜெக்டர்தான். ஒரு ரீல் ஆயிரம் அடி, ஓடுவது ஏறக்குறைய 11 நிமிடம், இரண்டு ரீலைச் சேர்த்துச் சுற்றினால் 20 நிமிடம் சொச்சம், அது முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். அதனால் ஒரே படத்துக்குப் பல இடைவேளை வரும், அது எந்தக் காட்சியில் வரும் என்பது இயக்குநர் கையில் இல்லை. மாமா சொல்வார், நல்ல படம் என்றால் எந்த இடத்தில் விளக்கைப் போட்டாலும் மண்ணில் உட்கார்ந்திருக்கிற சனம் “போடுப்பா போடுப்பா” என்று கத்தும், சுமாரான படம் என்றால் விளக்கைப் போட்டதும் அவனவன் பேச ஆரம்பித்துவிடுவான் என்று. நான் படம் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்கு அந்தக் கணக்குதான். விளக்கு எரிந்ததும் என்ன ஆகும் என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

இப்போது இடைவேளையை ஒரு கிளைமாக்ஸ் மாதிரி எழுதுகிறார்கள். அங்கேதான் சிக்கல். முதல் பாதி முழுக்க ஒரே ஒரு கேள்விதான் இருக்கும்: இந்த அமைதியான ஆள் உண்மையில் யார், எப்போது திருப்பி அடிப்பார். இடைவேளைக் காட்சியில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறார்கள். அவர் யார் என்று தெரிந்துவிட்டது, அடித்தும் விட்டார். இனிமேல் நான் எதைத் தெரிந்துகொள்ள உட்கார்ந்திருப்பது?

‘பாட்ஷா’வில் ரஜினியின் மாணிக்கம் எத்தனை தூரம் பொறுத்துப் போகிறார் என்று யோசித்துப் பாருங்கள். கம்பத்தில் கட்டி வைத்து அடிக்கிறார்கள், வாங்கிக்கொள்கிறார். தங்கச்சிக்கு ஒன்று என்றதும் வெடிக்கிறார். அந்த இடத்தில் நமக்குக் கிடைப்பது பாதிப் பதில்தான். இவருக்கு அடிக்கத் தெரியும் என்பது தெரிந்துவிட்டது, அப்படியென்றால் இத்தனை நாள் ஏன் வாங்கிக்கொண்டிருந்தார் என்ற பெரிய கேள்வி அந்த அடியிலிருந்தே பிறக்கிறது. தம்பியும் அதைத்தான் வாய்விட்டுக் கேட்கிறான், பம்பாயில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று. நாம் கேட்க நினைத்ததைப் படத்துக்குள்ளேயே ஒருவன் கேட்கிறான், கதை பம்பாய்க்குப் போகிறது. பிளாஷ்பேக் என்றாலே இழுவை என்கிறார்கள், ஆனால் அந்த பிளாஷ்பேக்கை நாம் கேட்டு வாங்கினோம்.

மாணிக்கமும் வில்லன் மார்க் ஆண்டனியும் எதிரெதிரே நிற்கிறபோது, ஆண்டனியாக வரும் ரகுவரன் இம்மி கூடத் தாழவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாணிக்கத்தின் அப்பாவே அந்த ஆண்டனியிடம் வேலை பார்க்கிறவர். அதனால் எதிரியை அடித்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட முடியாது.

அரங்குநிறைந்தது எழுதியது:

ரீல்பெட்டி அண்ணா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் எல்லாவற்றையும் ‘பாட்ஷா’வை வைத்து அளந்தால் ஒரு படமும் தேறாது. நான் அந்தப் படம் வந்தபோது பிறக்கவே இல்லை. எனக்குத் தெரிந்த படங்களிலிருந்து சொல்கிறேன்.

‘துப்பாக்கி’, 2012 தீபாவளி. விஜய்யின் ஜெகதீஷும் அவன் கூட்டாளிகளும் சேர்ந்து பன்னிரண்டு பேரைப் பின்தொடர்ந்து ஒரே நேரத்தில் சுடுகிற காட்சியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சாதாரண படமாக இருந்தால் அதோடு கதாநாயகன் ஜெயித்துவிட்டான், மிச்சம் எல்லாம் வில்லனைத் தேடிப் பிடிக்கிற வேலைதான். இயக்குநர் முருகதாஸ் என்ன செய்தார் என்றால், அந்த வெற்றியையே கதாநாயகன் கழுத்தில் சுருக்காக மாட்டினார். பன்னிரண்டு பேரும் ஒரே சமயத்தில் செத்தார்கள் என்றால் சுட்டவர்களும் ஒரு குழுவாகத்தான் இருக்க வேண்டும் என்று வில்லன் உட்கார்ந்து யோசிக்கிறான், அவர்கள் யார் என்று தேடிக் கண்டுபிடிக்கிறான், வீட்டுப் பெண்களைக் கடத்துகிறான். விஜய் செய்த மாஸ் காட்சிக்கு விஜய் வீட்டிலேயே விலை கேட்கிறார்கள். இரண்டாம் பாதி வேறு எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டவைத்ததாகத் தெரியவில்லை, முதல் பாதியின் வயிற்றிலிருந்து வருகிறது.

‘மாநாடு’ இன்னொரு விதம். 2021 நவம்பரில் பார்த்தபோது முதல் பாதியிலேயே எனக்கு ஒரு பயம் வந்தது, ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிறது, சரி, இதை இன்னும் எத்தனை தடவை பார்ப்பது என்று. அந்தச் சலிப்பு வருகிற நேரம் பார்த்து, அந்த வளையத்துக்குள் எஸ்.ஜே. சூர்யாவும் மாட்டியிருக்கிறார் என்று காட்டினார்கள். அதுவரை சிம்புவுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் எதிரிக்கும் தெரிந்துவிட்டது, ஆட்டத்தின் விதியே மாறிவிட்டது. அதற்கு அப்புறம் ஒவ்வொரு தடவை நாள் திரும்பும்போதும் இரண்டு பேருமே போன தடவை கற்றதை வைத்துக்கொண்டு வருகிறார்கள். எனக்கு அந்தப் படத்தின் இரண்டாம் பாதிதான் படமே.

‘ஜெயிலர்’ பற்றி நடுவரிசை சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. கிரீடம் சும்மா வரவில்லை. செத்துப்போனதாக நினைத்த மகன் உயிரோடு இருக்கிறான், அவன் வேண்டுமென்றால் கிரீடத்தைக் கொண்டு வா என்று வில்லன் வர்மன் சொல்கிறான். அது கேள்வி இல்லையா?

நடுவரிசை எழுதியது:

ரீல்பெட்டி, உங்கள் மாமா கணக்கு மனதில் நின்றுவிட்டது. இந்த வாரம் எந்தப் படம் பார்த்தாலும் நடுவில் நிறுத்திவிட்டு அதைக் கேட்டுப் பார்க்கப் போகிறேன்.

அரங்குநிறைந்தது, கிரீடம் எனக்கு ஏன் கேள்வியாகப் படவில்லை என்றால், அதை யார் எடுத்து வந்தாலும் ஒன்றுதான். முத்துவேல் பாண்டியன் என்ற அந்த மனிதருக்கு மட்டுமே உரிய வேலை இல்லை அது. முதல் பாதியில் நாம் பார்த்தது ஓர் அப்பாவை. பேரனோடு யூடியூப் வீடியோ எடுத்துக்கொண்டு, மகன் நேர்மையான போலீஸ்காரன் என்று பெருமைப்பட்டுக்கொண்டு, நேர்மையை நான்தான் சொல்லிக்கொடுத்தேன், அதனால்தான் அவனை இழந்தேன் என்று உள்ளுக்குள் நொறுங்கிப்போன அப்பா. வர்மனாக வரும் வினாயகனும் சாதாரண வில்லன் இல்லை, அந்த மனிதர் சிரிக்கும்போதே வயிற்றைக் கலக்கியது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு படம் கிரீடம் தேடப் போகும்போது, அந்த அப்பாவைக் காணவில்லை, ரஜினிகாந்த் மட்டும்தான் இருக்கிறார். ரஜினியைப் பார்ப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் எனக்கு அந்த அப்பா வேண்டும்.

பகல்காட்சி எழுதியது:

இந்தப் பேச்சில் யாரும் தொடாத ஒன்றை நான் சொல்கிறேன். நம்ம பெரிய படங்களில் இடைவேளைக்கு அப்புறம் பெண்கள் எங்கே போகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? முதல் பாதியில் ஒரு காதல், இரண்டு பாட்டு, கொஞ்சம் கிண்டல். இரண்டாம் பாதியில் அவரைக் கடத்துவார்கள், இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார், அதுவும் இல்லையென்றால் கிளைமாக்ஸில் ஓடி வந்து கட்டிப்பிடிப்பார். கதையில் இருக்கிற ஆட்களில் பாதிப் பேருக்கு வேலை இல்லாமல் செய்துவிட்டு, இரண்டாம் பாதி ஏன் காலியாக இருக்கிறது என்றால் எப்படி?

‘படையப்பா’வை எடுத்துக்கொள்ளுங்கள், 1999. மூன்று மணி நேரத்துக்குக் குறையாத படம், இன்றைக்கும் டிவியில் போட்டால் வீட்டில் ஒருவரும் எழுந்து போவதில்லை. நீலாம்பரிதான் காரணம். தோற்றுப்போன ஒரு பெண் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு 18 வருடம் அதே கோபத்தோடு உட்கார்ந்திருக்கிறாள் என்றால், அந்தக் கதவு திறக்கும்போது என்ன ஆகும் என்று யாருக்குத்தான் தெரிந்துகொள்ளத் தோன்றாது? படையப்பா அந்த 18 வருடத்தில் பெரிய மனிதராகிவிட்டார், குடும்பம், பிள்ளைகள், நல்ல பெயர் எல்லாம் வந்துவிட்டது. அவளுக்கு ஒன்றும் மாறவில்லை. இரண்டாம் பாதியைத் தூக்கிக்கொண்டு நடப்பது அவள்தான். ரம்யா கிருஷ்ணன் கால் மேல் கால் போட்டு உட்காரும் விதத்துக்கு முன்னால் எந்தச் சண்டைக் காட்சியும் நிற்காது.

அதே ரம்யா கிருஷ்ணன்தான் ‘ஜெயிலர்’ படத்தில் முத்துவேல் பாண்டியனின் மனைவி. இதைப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. மகனைப் பறிகொடுத்த தாய், புருஷன் யார் என்று இப்போதுதான் முதல் தடவையாகக் கண்ணால் பார்க்கிறாள், வீட்டுக்குள் பிணங்கள் விழுந்திருக்கின்றன. இதற்கு அப்புறம் இந்தப் பெண் அந்த மனிதரோடு ஒரே வீட்டில் எப்படி இருப்பாள்? இது எவ்வளவு பெரிய கேள்வி! அந்த மேஜையிலிருந்து எழுந்ததும் அவர்கள் இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைப் பத்து நிமிடம் காட்டியிருந்தால் நான் கிரீடத்தையும் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

‘விக்ரம்’ படத்தில் இதையே சரியாகச் செய்தார்கள். அதில் இடைவேளைக்கு முகமூடிக்காரன் கமல்தான் என்று காட்டுகிறார்கள். அதுவும் ஒரு விதத்தில் பதில் சொல்லித் தீர்த்துவிடுகிற காட்சிதான், சுவரொட்டியில் கமல் படத்தைப் போட்டுவிட்டு அவர் செத்துவிட்டார் என்றால் யார் நம்புவார்கள். ஆனால் இரண்டாம் பாதியில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்த அந்த அம்மா திடீரென்று ஏஜென்ட் டீனாவாக நிமிர்கிறாரே, தியேட்டரில் கமலுக்கு விழுந்த கைதட்டல் அளவுக்கு அவருக்கும் விழுந்தது. வசந்தி என்று ஒரு நடன கலைஞர், அதுவரை பெரும்பாலான பேருக்கு முகம் கூடத் தெரியாது. படம் ஏறக்குறைய மூன்று மணி நேரம், நான் ஒரு தடவை கூட மணி பார்க்கவில்லை. சின்ன ஆட்களுக்கும் ஒரு ரகசியம் கொடுத்துவைத்தால் இரண்டாம் பாதியில் செலவு செய்ய ஏதாவது கையில் இருக்கும்.

கத்தரிக்கோல் எழுதியது:

பகல்காட்சி அக்கா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அந்த மேஜைக்கு அப்புறம் அவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்கு இதுவரை தோன்றவே இல்லை.

நீளத்தைப் பற்றி ஒன்று. எல்லாரும் “செகண்ட் ஹாஃபில் 20 நிமிடம் வெட்டியிருக்கலாம்” என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். ‘ஜெயிலர்’ 2 மணி 48 நிமிடம். ‘விக்ரம்’ அதைவிட நீளம். நீளமான படம் சலிக்கவில்லை, குறைவான படம் சலிக்கிறது என்றால் கத்தரிக்கோலைக் குறை சொல்லிப் பயன் இல்லை. கதை நின்றுபோன இடத்தில் வெட்டினால் நின்றுபோனது சீக்கிரம் முடியும், அவ்வளவுதான்.

என் பங்குக்கு நான் சொல்கிற படம் ‘கைதி’, 2019. பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை, ஒரே ராத்திரி. மயங்கிக் கிடக்கிற போலீஸ்காரர்களை ஏற்றிக்கொண்டு கார்த்தியின் டில்லி லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறான், இன்னொரு பக்கம் கமிஷனர் அலுவலகத்தில் நெப்போலியன் என்ற ஒரு கான்ஸ்டபிளும் சில கல்லூரிப் பிள்ளைகளும் கதவை அடைத்துக்கொண்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். இங்கே கொஞ்சம் தளர்ந்தால் அங்கே போய்விடலாம், அங்கே நிம்மதி வந்தால் இங்கே வந்துவிடலாம். இரண்டு இடமும் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கின்றன, லாரி வந்து சேர வேண்டும். அந்த கான்ஸ்டபிளாக வரும் ஜார்ஜ் மரியானை அதுவரை காமெடிக்குத்தான் பயன்படுத்தினார்கள், அந்த மனிதர் கதவுக்குப் பின்னால் நின்று நடுங்கிக்கொண்டே பொறுப்பை ஏற்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஆனால் இந்தப் பேச்சுக்கு முக்கியமாகப் படுவது பிளாஷ்பேக்தான். டில்லிக்குப் பெரிய முன்கதை இருக்கிறது, மனைவி, ஜெயில், முகமே பார்க்காத மகள். வேறு யாராக இருந்தாலும் இடைவேளைக்கு அப்புறம் 30 நிமிடம் அந்தக் கதையைப் படமாக எடுத்திருப்பார்கள், அதில் ஒரு பாட்டும் இருந்திருக்கும். இயக்குநர் லோகேஷ் அதைக் கார்த்தி வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார். நாம் பார்ப்பது கார்த்தியின் முகத்தை மட்டும்தான். லாரி நிற்கவில்லை, ராத்திரி கலையவில்லை. மனைவி எப்படி இருப்பார் என்று நானே கற்பனை செய்துகொண்டேன், அதனால் அது எனக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டது. அதே இயக்குநர் நாலு வருடம் கழித்து ‘லியோ’வில் பிளாஷ்பேக்கைப் படமாகவே காட்டினார். விஜய்யின் பார்த்திபன்தான் லியோவா இல்லையா என்பதுதான் படத்தின் ஒரே கேள்வி, படத்துக்கே ‘லியோ’ என்று பெயர் வைத்துவிட்டு அந்தக் கேள்வியைக் கடைசி வரை இழுத்தால், தெரிந்த விடைக்காக எத்தனை நேரம் காத்திருப்பது? ஹோட்டல் சண்டைக்கு அப்புறம் மனைவியைப் பிடித்துக்கொண்டு விஜய் உடைந்து அழுவாரே, அவர் நடித்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது. அந்த மனிதனைத்தான் நான் தொடர்ந்து பார்க்க விரும்பினேன்.

ரீல்பெட்டி எழுதியது:

கத்தரிக்கோல் தம்பி, ‘கைதி’ பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. அப்படியே ‘அசுரன்’ படத்தையும் யோசியுங்கள். அதுவும் 2019தான்.

வெற்றிமாறன் படத்தை ‘பாட்ஷா’ பக்கத்தில் வைத்தால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. பூமணியின் ‘வெக்கை’ நாவலிலிருந்து எடுத்த படம். எலும்புக்கூட்டைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பொறுத்துப் போகிற மனிதர், ஊருக்கே பணிந்து போகிறார், மகனே மதிக்கவில்லை. மகன் உயிருக்கு ஆபத்து என்றதும் காட்டுக்குள் வெடிக்கிறார். மகன் மாதிரியே நாமும் வாயைப் பிளக்கிறோம். அப்புறம் பிளாஷ்பேக். ஒரே அமைப்பு, ஆனால் வேறுபாடு பதிலில் இருக்கிறது. ‘பாட்ஷா’வின் பிளாஷ்பேக் அவர் எவ்வளவு பெரிய ஆள் என்று சொல்கிறது. ‘அசுரன்’ பிளாஷ்பேக்கில் சிவசாமி ஒருமுறை திருப்பி அடித்தபோது என்ன விலை கொடுத்தார் என்று பார்க்கிறோம். குடும்பமே தீயில் போய்விட்டது. அதைப் பார்த்துவிட்டு நிகழ்காலத்துக்குத் திரும்பும்போது, இடைவேளையில் நாம் கைதட்டிய அதே அடி இப்போது பயமாக மாறிவிடுகிறது. இவர் மறுபடி அடித்தால் மறுபடி எல்லாம் போய்விடுமே என்று. மூத்த மகன் ஏற்கனவே போய்விட்டான், மிச்சம் இருப்பவன் இவன் ஒருவன்தான். கைதட்டியவனையே பயப்பட வைக்கிற இரண்டாம் பாதியை நான் தமிழில் அதிகம் பார்த்ததில்லை. தனுஷுக்கு அந்தப் படத்துக்குத் தேசிய விருது கொடுத்தார்கள், எனக்கு அதில் இரண்டாவது யோசனையே கிடையாது.

அரங்குநிறைந்தது எழுதியது:

‘கில்லி’யை யாரும் சொல்லவில்லையே! தெலுங்கு ‘ஒக்கடு’வின் ரீமேக்தான், ஆனால் 2004இல் வந்த படம் 2024இல் மறுபடி வெளியானபோது நானே தியேட்டரில் போய்ப் பார்த்தேன், புதுப் படத்துக்கு வராத கூட்டம். கதாநாயகன் விஜய் மதுரையிலிருந்து தனலட்சுமியைக் கூட்டிக்கொண்டு கிளம்புவது முதல் பாதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்கு அப்புறம் அவளைத் தன் வீட்டிலேயே ஒளித்து வைக்கிறான், அவளைத் தேடுகிற பொறுப்பு அவன் அப்பாவான போலீஸ் அதிகாரியிடமே வருகிறது. பாஸ்போர்ட் ஒரு பக்கம், கபடி இறுதிப் போட்டி ஒரு பக்கம், வில்லன் முத்துப்பாண்டி ஒரு பக்கம். முத்துப்பாண்டியாக வரும் பிரகாஷ்ராஜ் எப்போது எந்தத் தெருவில் வந்து நிற்பார் என்று தெரியாது. சிரித்துக்கொண்டே இருப்போம், வயிற்றில் ஒரு பதற்றமும் இருந்துகொண்டே இருக்கும். கத்தரிக்கோல் சொன்ன அந்த இரண்டு இடக் கணக்கு இங்கேயும் வேலை செய்கிறது, என்ன, இரண்டும் ஒரே வீட்டுக்குள் மாடியிலும் கீழேயும் இருக்கின்றன.

‘ஜெயிலர்’ விஷயத்தில் நடுவரிசைக்குப் பாதி விட்டுக்கொடுக்கிறேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், பார்க்காதவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுங்கள். கடைசியில் மகனே அந்தக் கூட்டத்தோடு சேர்ந்தவன்தான் என்று தெரிகிறதே, நேர்மையைச் சொல்லிக்கொடுத்த அப்பா மகனிடம் திருந்துவதற்கு ஒரு வாய்ப்பு கொடுத்துக் கேட்கிறாரே, அந்தக் காட்சிக்கு என்ன குறை? அதுதானே நீங்கள் தேடிய அப்பா?

நடுவரிசை எழுதியது:

அதைத்தான் நேற்று ராத்திரி யோசித்துக்கொண்டிருந்தேன், நீங்களே எழுதிவிட்டீர்கள்.

குறை ஒன்றும் இல்லை. படத்திலேயே பெரிய கேள்வி அதுதான், கையில் வைத்துக்கொண்டு கடைசி 20 நிமிடத்துக்கு ஒளித்துவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம். மகன் தப்பானவன் என்பது நமக்கு மட்டும் முன்னாலேயே தெரிந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். அப்பா மகனை மீட்கக் கிரீடம் தேடி அலைகிறார், யாருக்காக அலைகிறார் என்று நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அந்த நடிகை காமெடி கூட அப்போது வேறு மாதிரி இருந்திருக்கும், சிரிக்கும்போதே ஐயோ இந்த மனிதருக்குத் தெரியவில்லையே என்று உறுத்தியிருக்கும். ஒரு காட்சியைக் கூட வெட்ட வேண்டாம், மகனைப் பற்றி நமக்குச் சொல்கிற இடத்தை மட்டும் முன்னால் நகர்த்தினால் போதும். அதிர்ச்சி போய்விடும் என்பீர்கள், போகட்டும், அந்த அதிர்ச்சி முதல் தடவை பார்ப்பவனுக்கு மட்டும்தான். நான் மூன்று தடவை பார்த்தவன்.

ரீல்பெட்டி, ‘அசுரன்’ பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் மறுபடி பார்க்க வேண்டும் போல இருக்கிறது, முதல் தடவை நான் அந்த இடைவேளைச் சண்டையில் கத்தியவன்தான், அதன் பயத்தைக் கவனிக்கவில்லை. பகல்காட்சி, அந்தப் பத்து நிமிடப் பேச்சு உங்கள் மனதில் எப்படி ஓடுகிறது என்று நேரம் இருக்கும்போது எழுதுங்கள். அந்த அம்மா முதலில் வாயைத் திறந்து என்ன கேட்பார்?

பகல்காட்சி எழுதியது:

ஒன்றும் கேட்க மாட்டார். பேரனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்துவார். அவர் வெளியே மேஜையிலேயே உட்கார்ந்திருப்பார். விடிந்ததும் கதவு திறக்கும், அப்போதுதான், “உங்களுக்கு எத்தனை வருஷமா இது தெரியும்?” என்று கேட்பார். எதைப் பற்றிக் கேட்கிறார் என்று அவருக்குப் புரியாது, துப்பாக்கிகளைப் பற்றியா, மகனைப் பற்றியா. நமக்கும் புரியக் கூடாது.